வெயில் தின்ற அனுமதி

டுலூத் நகரத்தின் வீதிகள்
ஏரியைப் பார்த்துச் சரிகின்றன.
சரிவில் முக்கால் உயரத்தில் ஆஸ்ட்பி வீடு.
கூரையில் பதினான்கு பலகைகள்,
தெற்குப் பார்த்து, வேலையில்லாமல்.

ஜூலையில் முதல்முறை போனேன்.
டெல்பெர்ட் ஆஸ்ட்பி,
முப்பது வருடம் இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்காரர்.
விண்ணப்பத்தின் நகலை
சமையல் குறிப்புகள் வைக்கும் தகரப் பெட்டியில் தேடினார்.
மீன் சூப்புக்கும் ஆப்பிள் கேக்குக்கும் நடுவில் கிடைத்தது.
"எல்லா ஸ்க்ரூவும் நானே முடுக்கியது" என்றார்.
அதுதான் பயம் என்று நான் சொல்லவில்லை.

நிலவறையில் பெட்டியைத் திறந்தேன்.
சூரியனின் பிரேக்கர் மேலிருந்து இரண்டாவது,
மெயினோடு தோள் உரசிக்கொண்டு.
அது கடைசியில் இருக்க வேண்டும்.
தெருவிலிருந்து வருவதும் கூரையிலிருந்து வருவதும்
ஒரே செப்புத் தகட்டில், ஒரே இடத்தில்
முட்டிக்கொள்ளக் கூடாது.
விளக்கினேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்:
"சூரியன் உங்கள் ஆபீசில் எப்போது பதிவு செய்தது?"

சிவப்புச் சீட்டு எழுதினேன்.
சாமி வரம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது,
கூரை கொள்ளாமல்.
பூசாரி நான்.
ரௌஹா கின்னுனென், மின் ஆய்வாளர்,
பையில் முறுக்கு அளக்கும் ஸ்க்ரூடிரைவர்,
இடது முழங்காலில் பழைய வலி.

ஆகஸ்டில் மறுபடி.
பிரேக்கர் இடம் மாறியிருந்தது.
கம்பிகளெல்லாம் வாரிவிட்ட தலைபோல் படிந்திருந்தன.
ஆனால் வெளிச்சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில்,
ஒரு துண்டுக் காகித டேப்பில் பேனாவால்
"சோலார். அணைக்க இங்கே."
மழையில் அழிந்து
மேலேயே திரும்ப எழுதியது.
"எங்கே இருக்கிறதென்று எனக்குத்தான் தெரியுமே."

உங்களுக்குத் தெரியும், டெல்பெர்ட்.
ஒரு நண்பகலில்
உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒரு பையன்
தண்ணீர்க் குழாயைத் தோளில் இழுத்துக்கொண்டு
இந்தச் சுவருக்கு வருவான்.
வெயில் இருக்கும்வரை
அந்தப் பலகைகளை யாராலும் தூங்கவைக்க முடியாது.
கூரையிலிருந்து இறங்கும் கம்பியைச் சாகவைக்கும் சுவிட்சை
புகைக்குள் அவன் தேடுவான்.
டார்ச் பட்டதும் எழுத்து மின்ன வேண்டும்.
அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொன்னேனா?
இல்லை. பிரிவு எண்ணைச் சொன்னேன்,
உட்பிரிவோடு.
வாய் அப்படிப் பழகிவிட்டது.
அவர் கதவைச் சாத்திய விதத்தை
வண்டி ஓட்டும்போதெல்லாம் கேட்டேன், ஒரு வாரம்.

அக்டோபரில் மூன்றாவது முறை.
புதிய தகடு, சிவப்பில் வெள்ளை, நான்கு மூலையிலும் ஆணி.
ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தேன்.
ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் டிக் என்றது.
இனி ஜன்னலில் ஒட்டிய அனுமதி அட்டையைப் பார்த்து
எண்ணை எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அட்டை வெள்ளையாக இருந்தது.
மூன்று மாதம் தெற்கு ஜன்னலில்,
தெருவுக்குத் தெரிய வேண்டுமென்று சட்டம் சொன்னபடி.
எண் இல்லை, தேதி இல்லை, என் கையெழுத்தும் இல்லை.
வெயில் தின்றிருந்தது.

நான்தான் முதலில் சிரித்தேன்.
அவர் என்னைப் பார்த்து, அட்டையைப் பார்த்து,
சுவரைப் பிடித்துக்கொண்டு இருமும்வரை சிரித்தார்.
அப்போதுதான் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன்.
சிரிப்பு நின்றது.
தகட்டைச் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தார்.
"இதை ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம்."
சொல்லியிருக்கலாம்.

பச்சைச் சீட்டு கொடுத்தேன்.
மின் நிறுவனம் மீட்டர் மாற்ற
இன்னும் பதினொரு நாள் எடுத்துக்கொண்டது.
பத்தாம் நாள் இரவு பனி கொட்டியது.

காலையில் போன் வந்தது.
"அனுமதி வந்துவிட்டது. சூரியனைத்தான் காணோம்.
கூரையைப் பெருக்க வேண்டும்.
விளக்குமாற்றுக்குத் தனி விண்ணப்பமா?"

வேண்டாம் என்றேன்.
ஏணியில் ஏறாதீர்கள்,
தானாகச் சறுக்கி விழும்வரை பொறுங்கள் என்றேன்,
பிரிவு எண் எதுவும் சொல்லாமல்.